பாய்மரத்துக்கு ஒரு பூட்டு

திண்டுக்கல்லில் குடிதண்ணீருக்கே வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு பாய்மரப் படகு இருந்தது. பூட்டுப் பட்டறைக்குப் பின்னால் இரண்டு மரப்பெட்டிகளின் மேல் அதை உட்கார்த்தி வைத்திருந்தோம். அதன் பாய்மரத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கொடி கட்டி அம்மா துணி காயப்போட்டாள்.

அது சித்தப்பாவின் படகு. கொடைக்கானலில் ஒரு எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது, தன் பங்களாப் பூட்டுகளைப் பழுதுபார்த்தவருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். உருளைக்கிழங்கு லாரியில், மூட்டைகளின் மேல் கவிழ்ந்தபடி அது மலையிறங்கி வந்தது.

கோடையில் கொடைக்கானல் ஏரியில் படகுப் பந்தயம் நடக்கும். அதில் ஜெயித்தே தீருவது என்று சித்தப்பா முடிவு செய்தார். கோப்பைக்காக அல்ல. கொச்சியில் படகு கட்டும் பட்டறை வைத்திருந்த ஒருவர் பந்தயம் பார்க்க வருவார்; ஜெயித்துக் காட்டினால் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். அப்பா இதற்கு ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னார்.

"ஜெயிச்சா போ லே. தோத்தா அந்தச் சனியன எவன் தலையிலயாச்சும் கட்டிட்டு ஒழுங்கா பட்டறையில உக்காரு."

படகில் இரண்டு பேர் போக வேண்டும். இரண்டாவது ஆள் எடை குறைவாக இருந்தால் நல்லதாம். எனக்குப் பத்து வயது, நோஞ்சான் வேறு. அப்படி நான் மாட்டிக்கொண்டேன்.

பாய்மரம் தானாக நிற்பதில்லை. உச்சியிலிருந்து இடமும் வலமும் முன்னாலும் இறங்கும் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்து நிறுத்துகின்றன. மற்றவர்கள் கரையிலேயே திருகாணியை முறுக்கிக் கம்பியை இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சித்தப்பாவுக்கு அது போதவில்லை. எதிர்காற்றில் கம்பி விறைப்பாக இருக்க வேண்டும், காற்று முதுகில் அடிக்கும்போது தளர வேண்டும், இதை ஓடும்போதே மாற்ற வேண்டும் என்றார். முன்கம்பியைப் படகின் அடிக்குக் கொண்டுவந்து ஒரு பித்தளை உருளையில் சுற்றினார். உருளையோடு பல்சக்கரமும் கைப்பிடியும் வைத்தார். கைப்பிடியை இழுத்தால் ஒரு பல் இறுகும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கொண்டியைத் தூக்கினால் தளரும்.

பள்ளிக்கூடம் கோடை லீவு விட்ட நாளிலிருந்து நான் அந்தக் கைப்பிடியை இழுத்தேன். படகு தரையில் நின்றது. சித்தப்பா பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்துக்கொண்டு, இல்லாத காற்றைப் பார்த்து உத்தரவு போட்டார்.

"எதிர்க்காத்து. இறுக்கு."

இறுக்கினேன்.

"இன்னும் ரெண்டு பல்லு."

"கை வலிக்குது சித்தப்பா."

"கொச்சிக்காரரு ஒன் கையவா பாக்க வாராரு? இழு புள்ள."

இழுத்த பிறகு கம்பியை விரலால் சுண்டிப் பார்ப்பார். ஓசை பிடிக்காது. ஒரு பல் தளர்த்தச் சொல்வார். மறுபடி சுண்டுவார். பக்கத்துத் தோல் கிடங்கின் நாற்றம் எங்கள் மேல் வீசும். அதை வைத்துத்தான் காற்றடிக்கும் திசையைச் சொல்வார். வெயிலில் படகின் பலகைகள் சுருங்கி விரிசல் விட்டன. அதை மெழுகால் அடைத்துவிட்டு மறுபடி இறுக்கச் சொன்னார். என் வயதுப் பிள்ளைகளெல்லாம் புளியங்காய் அடித்துத் தின்றுகொண்டிருந்த விடுமுறை அது.

ஒருநாள் நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் தெருப் பிள்ளைகள் படகில் ஏறிக் கொண்டியைத் தூக்கிவிட்டார்கள். பாய்மரம் துணிக் கொடியோடு சாய்ந்து, அம்மா காயவைத்திருந்த கூழ்வற்றலின் மேல் விழுந்தது. படகு விஷயத்தில் அப்பா மறுபடி வாய் திறந்தது அப்போதுதான்.

"வீட்டுல இம்புட்டுப் பூட்டு கெடக்கு. கொண்டிக்கு ஒண்ணு போடணும்னு தோணலையாலே ஒனக்கு?"

எங்கள் குடும்பத்தில் எந்தச் சங்கடத்துக்கும் இதுவே மருந்து. அப்பா பித்தளையில் பூட்டின் கூட்டைச் செய்தார். உள்ளே போகும் மெல்லிய தகடுகளைச் சித்தப்பா அராவினார். இரண்டு வருடமாகவே நுணுக்கமான அராவு வேலை அவருடையதாகிவிட்டது. முதலாளி என்பதால் அப்பா கஷ்டமான வேலையைத் தம்பி தலையில் கட்டிவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மாவின் சாவிக்கொத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு, பட்டறை, சரக்கு வைக்கும் கிட்டங்கி, பெட்டிகள் என்று எல்லாவற்றின் சாவிகளும் அவள் இடுப்பில் தொங்கின. தனியாகக் கிடக்கும் சாவி எதுவானாலும் அதில் ஏறிவிடும். பூட்டுக்காரன் வீட்டில் சாவி தொலைந்தால் ஊர் சிரிக்கும் என்பாள். கொத்தை யார் கையிலும் கொடுக்க மாட்டாள், அப்பா கையில்கூட. யாருடனாவது பேசிக்கொண்டே கட்டை விரலால் தடவுவாள். வேண்டிய சாவி மேலே வரும்.

பந்தயத்துக்கு முதல்நாள் படகை மறுபடி லாரியில் மலையேற்றி ஏரியில் இறக்கினோம். காற்று பலமாக இருக்கும் என்று சித்தப்பா கம்பியை முடிந்தமட்டும் இறுக்கி, யாரும் கை வைக்காதபடி கொண்டியைப் பூட்டிவிட்டு வந்தார்.

பந்தயம் ஏரியில் இரண்டு சுற்று. மறுநாள் புறப்பாடு எதிர்காற்றில்தான். பூட்டைத் திறக்கத் தேவை இருக்கவில்லை. கம்பி விறைத்து நின்றது. படகு காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. முதல் திருப்பத்தில் எங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அவ்வளவு நாள் இழுத்தது வீண்போகவில்லை என்று எனக்கே தோன்றியது.

"இனி பின்காத்து. பூட்டத் தொறந்து கொண்டியத் தூக்கு" என்றார் சித்தப்பா.

"சாவி?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. போட்டிருந்தது வேறு சட்டை.

அதே நேரம் என் பாதம் நனைந்தது. இறுகிய கம்பி பாய்மரத்தை ஆணி அடிப்பதுபோல அடிப்பலகையில் அழுத்திக்கொண்டிருந்தது. மெழுகு வைத்த விரிசல்கள் வாய் திறந்தன. கம்பியைத் தளர்த்தாவிட்டால் இரண்டாம் சுற்று இல்லை. ஆனால் முதல் சுற்றின் முடிவில் படகுத்துறை ஓரமாகவே போக வேண்டும்; துறையில் அம்மா நின்றாள். சித்தப்பா படகைத் துறையோடு ஒட்டி நிறுத்தினார்.

"மதினி, சாவி. நேத்துச் சட்டையில இருந்துச்சே, பித்தளைச் சாவி."

"கெடந்துச்சு. கொத்துல போட்டேன். தனிச் சாவிய வச்சுக்கிட்டுத் திரியாதீகன்னு எம்புட்டுத் தடவ சொல்றது?"

"கொத்தக் குடுங்க."

"செத்த பொறுங்க."

சேலையைச் செருகிக்கொண்டு படகில் இறங்கி, பூட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு சாவியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து நுழைத்தாள். சேரவில்லை. அடுத்ததை எடுத்தாள். அதுவும் சேரவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த படகு எங்களைத் தாண்டியது. இன்னொன்றும் தாண்டியது. அவள் விரல்நீளச் சாவி ஒன்றை எடுத்துப் பூட்டின் வாயில் வைத்தாள்.

"அம்மா, அது கிட்டங்கிச் சாவி." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரியும்டி. கத்தாத."

துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா பொதுவாகக் கேட்டார்: "நம்ம படகு எங்க போகுது இப்ப?"

நாங்கள் அவருக்கு எதிரே, குடை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றோம். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலி செய்யக் கிடைத்த நேரத்தைப் பார் என்று பல்லைக் கடித்தேன்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். அதன்பின் அவசரப்படுத்தவில்லை. தகரக் குவளையை எடுத்துத் தண்ணீரை இறைக்கத் தொடங்கினார்.

பூட்டு கடைசிச் சாவிக்குத்தான் திறந்தது. கொண்டியைத் தூக்கியதும் கம்பி தொய்ந்து பாய்மரம் மூச்சு விட்டது. அதற்குள் எல்லாப் படகுகளும் போய்விட்டன. கொச்சிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தன் காருக்கு நடந்தார்.

திரும்பும் வழியில் நான் அம்மாவோடு பேசவில்லை. கொடைரோட்டில் வாங்கிக் கொடுத்த முறுக்கையும் தொடவில்லை. திண்டுக்கல்லில் வண்டியைவிட்டு இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. எங்கள் சந்தில் விளக்கு எரியவில்லை. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காம அந்தப் பைய எடு" என்று என்னைத் திட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பியபடியே, அம்மா இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தாள். முதலில் நுழைத்த சாவிக்கே கதவு திறந்தது.

நான் பையை எடுத்துக்கொண்டு அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை சித்தப்பா பட்டறையில் தகடு அராவிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு சாவியை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார், முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு தம்பி கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் திறக்கும்வரை நான் அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. ஒரு பூட்டைத் திறக்க இத்தனை நேரம் எடுக்கும் ஒருத்தியைப் பூட்டுக்காரன் வீட்டில் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அப்போது என் கேள்வி.