முற்றுகையின் கடைசி வாக்கியம்

மேடை ஏறினால் நான் முதலில் விளிப்பது நடுவரைத்தான். இன்று உங்களை விளிக்கிறேன், வாசகரே. தீர்ப்புக் கேட்டு அல்ல. மன்னார்க் கோட்டை வாசலில் என் அருகே சற்று நேரம் நில்லுங்கள். மழைக்குள் ஒரு தகப்பன் தன் மகளைக் கூப்பிடுவதைக் கேளுங்கள். அதன்பின் நான் வாய்விட்டுச் சொன்னதற்குச் சாட்சியாக இருங்கள்.

"பாப்பா... அடி பாப்பா..."

அவர் வெள்ளாங்குளத்துக்காரர். மலைநாட்டிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். கிடைத்த கூலி வேலை செய்பவர். அயலவர்கள் சேர்ந்து பிடித்த பஸ்ஸில், எட்டு வயது மகளுடன் ஞாயிற்றுக்கிழமைப் பயணமாகக் கோட்டை பார்க்க வந்திருந்தார். அந்த மகளைத்தான் காணவில்லை. கோட்டையைச் சுற்றி அகழி, அதற்கு அப்பால் கடல். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

கோட்டைக்கு வருகிறவர்களுக்காக எங்கள் விவாதக் கழகம் வார இறுதிகளில் ஒரு நிகழ்ச்சி நடத்திவந்தது. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்த கதையை நான் கொத்தளத்தின் மேல் நின்று சொல்வேன். கீழே, பார்க்க வந்த பிள்ளைகளே இரண்டு படையாகப் பிரிந்து அதை நடிப்பார்கள். ஒரு படை முற்றுகையிடும். மற்றப் படை மணிக்கட்டில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு காவல் நிற்கும். ஒலிபெருக்கியை நான் ஏற்றதில்லை. ஓலைத்தொடுவாய்க் கரையில் அலைக்கு எதிரே நின்று பேசிப் பழக்கிய குரல் எனக்கு இருந்தது. காவல் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் கட்டளையிடும் இடத்தில் பெரியவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதிதான் எனக்குக் கைதட்டலைவிடப் பெரிய பரிசு.

அன்று கதை உச்சத்தை நெருங்கியபோது வானம் கறுத்தது. பஸ் சாரதி வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"தம்பி, கோட்டையை இண்டைக்குப் பிடிச்சு முடிப்பியளோ, இல்லாட்டி நாங்கள் நாளைக்கும் வாறதோ?"

"ஒல்லாந்தருக்கே அவசரமில்லை அண்ணை. உங்களுக்கென்ன?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் மழை விழுந்தது. தாய்மார் பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் வளைவுக்குள் ஓடினார்கள். நானும் பேச்சை விட்ட இடத்திலேயே விட்டு இறங்கினேன்.

பஸ்ஸில் ஏறும்போதுதான் தகப்பன் கேட்டார்: "எம்புள்ளய யாராச்சும் பாத்தீங்களா?"

கோட்டைக்குள் இடிந்து கிடக்கும் பழைய தேவாலயத்துக்குள் தேடினோம். கொத்தளங்களுக்குக் கீழே இருக்கும் இருட்டறைகளுக்குள் கைபேசி வெளிச்சத்தைப் பாய்ச்சிக் கூப்பிட்டோம். வௌவால்கள் மட்டும் கலைந்தன. பிறகு ஒரு பெண் அகழிக் கரையிலிருந்து கைகாட்டினாள். அங்கே ஒரு சோடிச் சின்னச் செருப்பு கிடந்தது.

தகப்பன் அதைக் கையில் எடுத்தார். எடுத்த கையோடு தண்ணீரில் இறங்கினார். சற்று முன் என்னோடு பகிடி விட்ட சாரதி, சட்டையைக்கூடக் கழற்றாமல், மார்பளவு தண்ணீரில் அவருக்குப் பின்னால் போனார். இரண்டு பேர் தடிகளால் அடிச்சேற்றைக் குத்திப் பார்த்தார்கள். தடி எதிலாவது தட்டும்போதெல்லாம் கரையில் நின்றவர்கள் மூச்சை அடக்கினோம். அது கல்லாகவே இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் நன்றி சொன்னேன்.

நான் கொத்தளத்தில் ஏறிக் கூப்பிட்டேன். பயிற்சியில் கற்ற எல்லா வழிகளிலும் கூப்பிட்டேன். அடிவயிற்றிலிருந்து, காற்றின் திசையறிந்து, சொல்லை நீட்டி. மழை என் குரலைத் தின்றது. கொஞ்ச நேரத்தில் குரல் உடைந்தது. அதன்பின் காற்று மட்டுமே வந்தது. வாழ்வில் முதல் தடவையாக, சொல்ல இருந்தும் சொல்ல முடியாதவனாக நின்றேன்.

இறங்கி வந்தபோது தகப்பன் கரையில் குந்தியிருந்தார்.

"எங்கண்ணன் மவன சண்டை நேரத்துல தொலைச்சோம் தம்பி. அண்ணி இன்னும் வாசல்ல நின்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கு. நான் அப்பிடிக் கூப்பிடமாட்டேன். என்னால முடியாது."

அவர் மடியில் செருப்புகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "ஐயா, இது எப்பிடிக் கிடந்தது? தவறி விழுந்த மாதிரியோ?"

"இல்ல. கோயில் வாசல்ல விடுற மாதிரி, சேத்து வச்சிருந்துச்சு."

செருப்பைக் கழற்றச் சொன்னவன் நான். காவலாளிகளுக்கு நான் இட்ட கட்டளை இது: காலடி கேட்கக்கூடாது, அகழிக் கரையிலேயே செருப்பைக் கழற்றி வை. மறைந்து நில். பெயர் சொல்லி எவர் அழைத்தாலும் அசையாதே. எதிரி உன் வீட்டாரின் குரலிலேயே அழைப்பான். 'போர் முடிந்தது, கோட்டை திறந்தது' என்று நான் அறிவிக்கும்வரை அந்த இடம் உன்னுடையது.

அந்த வாக்கியத்தை நான் அன்று சொல்லவே இல்லை. மற்றப் பிள்ளைகளைத் தாய்மாரின் கைகள் விடுவித்திருந்தன. தாய் கூட வராத இந்தப் பிள்ளை மட்டும் இன்னும் காவலில் நின்றாள்.

சொல்ல வாயெடுத்தேன், குரல் இல்லை. சாரதியின் காதோடு சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் ஒண்டாச் சொல்லுங்கோ. போர் முடிந்தது. கோட்டை திறந்தது."

நனைந்து நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். முதல் தடவை கலைந்து வந்தது. இரண்டாம் தடவை ஒன்றாக வந்தது. மூன்றாம் தடவை சொல்லும்போது சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

நான் ஏறி நின்று பேசிய கொத்தளத்தின் அடியிலிருந்துதான் அவள் வந்தாள். தலை நிறையச் சிலந்தி வலை. மணிக்கட்டில் சிவப்புத் துணி. நாங்கள் வெளிச்சம் அடித்துப் பார்த்த அதே அறை. சரிந்த கற்குவியலுக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றிருக்கிறாள்.

தகப்பன் அவளைத் தூக்கியபோது, அவள் பெருமையோடு சொன்னாள்: "அப்பா, எதிரி ஒங்க கொரல்லயே அழுதான். நான் ஏமாறல."

அவர் அவளை இறக்கி ஒரு கல்லில் இருத்தினார். அவள் கால்களைத் தன் இடுப்புச் சாரத்தின் நுனியால் துடைத்து, செருப்பைப் போட்டுவிட்டார். பிறகு என்னிடம் வந்தார். ஏச்சை எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றேன்.

"தம்பி நல்லாப் பேசுறீங்க," என்றார். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

பஸ் புறப்படுமுன் அதன் படியில் ஏறி, எல்லோருக்கும் முன்னால், அந்தச் சிறுமியைப் பார்த்து, கேட்கக்கூடிய குரல் வரும்வரை திரும்பத் திரும்ப முயன்று சொன்னேன்:

"இனி ஒரு பிள்ளைக்கும் நான் அப்பிடிச் சொல்லமாட்டன். கோட்டை விழுந்தா விழட்டும். வீட்டு ஆக்கள் கூப்பிட்டா, எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிப் போ எண்டுதான் என்ர முதல் கட்டளை இருக்கும்."