கம்பியை விட்ட ஞாயிற்றுக்கிழமை

குழந்தைகளே, போன வருஷம் கோடை விடுமுறையில், திருப்பூரில் மங்கலம் ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு நீச்சல் குளத்தில் நடந்தது இது. நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் டெய்லர். என் மகள் அப்போதுதான் நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் நீச்சல் வகுப்பில் சேருகிறார்கள் என்று அவளும் ஆசைப்பட்டாள். சேர்த்துவிட்டேன்.

முதலில் எல்லாப் பிள்ளைகளும் குளத்தின் ஓரத்தில் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் பழகினார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கம்பியை விட்டார்கள். என் மகள் மட்டும் விடவில்லை. அவளைவிடப் பொடிசுகள் எல்லாம் தவளைக்குஞ்சு மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருக்க, அவள் ஒருத்தி கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நாள் வண்டியில் திரும்பி வரும்போது பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு நா வர்லீங்கப்பா. எனக்கு நீச்சலே வராதுங்க."

எனக்கு அது தாங்கவில்லை. பயந்து பாதியில் விட்டுவிட்டால், அந்தப் பயம் படிப்பு, வேலை என்று எல்லாவற்றிலும் வந்து உட்கார்ந்துகொள்ளுமே என்று கவலை. சமாதானம் சொல்லி மறுநாளும் கூட்டிப்போனேன். கரையில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "ஒரே ஒருக்கா கைய உடு கண்ணு, அவ்வளவுதான்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீரில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வந்து உட்டுக் காட்டுங்க பாக்கலாம்!"

குளத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிற அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவரும் சிரித்துக்கொண்டே, "பிள்ள கேக்கது நியாயந்தான அண்ணாச்சி? நாளைக்கு ஞாயித்துக்கெழம, பெரியவங்களும் எறங்கலாம். வாங்க" என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது, சாயப்பட்டறைகளில் அன்றைக்கு என்ன கலரோ அந்தக் கலரில்தான் எங்கள் ஊர் ஆற்றில் தண்ணீர் போகும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். அதில் கால் வைத்தால் வீட்டில் அடி விழும். அப்படி வளர்ந்தவன் நான். விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊட்ல பக்கெட்டுத் தண்ணியவே பயந்து பயந்து மோந்து ஊத்துவீங்க. நீங்க கொளத்துல எறங்கறீங்களா?"

ஆனால் மகள் கேட்டுவிட்டாளே. போகாமல் இருக்க முடியுமா?

நீச்சலுக்கு டிரவுசர் வேண்டும். பனியன் கம்பெனிக்காரன் கடையில் போய் டிரவுசர் வாங்குவதா? எங்கள் ஊரில் அதைவிட மானக்கேடு கிடையாது. வீட்டில் நல்ல தடிமனான பருத்தித் துணி இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து தைத்தேன். இடுப்புக்கு எலாஸ்டிக், இரண்டு பக்கமும் பெரிய பெரிய பை. பார்க்க அம்சமாக இருந்தது.

மறுநாள் அந்த அக்கா அதைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "இது பருத்தில்லா அண்ணாச்சி? தண்ணியக் குடிச்சிட்டுக் கனமாயிரும். நைலான் துணிதான் ஆவும்."

"பொறந்ததுலருந்து துணியோடயே இருக்கறனுங்க. எனக்குத் தெரியாதுங்களா? இது எக்ஸ்போர்ட் துணிங்க" என்றேன் பெருமையாக.

படியில் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மகளுக்குப் பக்கத்தில் போய் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அவள் இத்தனை நாளாக ஏன் விடவில்லை என்று. கால் தரையில்தான் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் நம்மைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கிறது. அந்தக் கொஞ்சத்துக்கே என் விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்குக் கம்பியை இறுக்கிவிட்டேன்.

"ம், உடுங்கப்பா."

"இரு கண்ணு, உடறேன்."

"எப்ப?"

"மொதல்ல காலை ஒதைச்சுப் பழகோணுமல்ல?"

சொல்லிவிட்டேனே என்று காலை உதைத்தேன். உதைக்க உதைக்க, ஊறிப்போன துணி பின்னால் இழுத்தது. பை இரண்டும் தண்ணீரை அள்ளிக்கொண்டன. எலாஸ்டிக் என்ன செய்யும் பாவம்? டிரவுசர் இடுப்பை விட்டு இறங்கத் தொடங்கியது. ஐயோ என்று இரண்டு கையாலும் அதைப் பிடித்தேன். கம்பியை எப்போது விட்டேன் என்றே தெரியவில்லை. ஒரு முங்கு முங்கி, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து, தட்டுத்தடுமாறி எழுந்து நின்றேன். கம்பி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நான் முழுசாகத்தான் இருந்தேன்.

"அப்பா உட்டுட்டாரு! அப்பா கம்பிய உட்டுட்டாரு!" என்று என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆமாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவளுடைய இரண்டு கையும் வயிற்றில் இருந்தன. கம்பியில் இல்லை!

அதை முதலில் கவனித்தது அந்த அக்காதான். சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் வந்து, "போ, போயி அப்பாவத் தொடு. கால ஒதை!" என்றார். யோசிக்கவே நேரம் கொடுக்கவில்லை. என் மகள் அப்படியே முன்னால் சாய்ந்து காலை உதைத்தாள். நான் ஒரு கையால் டிரவுசரைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு வந்து என் விரலைத் தொட்டாள். எழுந்து நின்று கம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

"மறுக்கா போறனுங்கப்பா!"

சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

திங்கட்கிழமை கம்பெனியில் சொன்னபோது பக்கத்து மிஷின்காரர், "பை வேற வெச்சீங்களாண்ணா? மீன் புடிச்சுப் போட்டுக்கவா?" என்றார். சிரித்துவிட்டு, அன்று சாயங்காலமே கடைக்குப் போய் நைலான் டிரவுசர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கற்றுக்கொண்டேன். விடுமுறை முடிவதற்குள் நாங்கள் இருவரும் குளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நீந்தினோம். அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு நான் சுவரைத் தொட்டபோது நாங்கள் இருவரும் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

குழந்தைகளே, பயம் என் மகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதே பயம் இருந்தது, இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு இருக்கிற பெரிய பெருமை.