அச்சு அசல்

ஆற்றங்கரைக் குயவர்களில் சொஃபெக்கின் கைக்கு முகம் வசப்பட்டதுபோல வேறு யாருக்கும் வசப்படவில்லை. அந்தக் கை விளங்காமலே போயிருக்கலாம். அவன் தம்பி நிங்கோலாவது பிழைத்திருப்பான்.

நிங்கோல் போர்வீரன். உதட்டில் வெட்டுத் தழும்பு, காதில் பொன் தோடு. அவன் தலையைப் போலவே அண்ணன் வார்த்த குடங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் போயிருந்தன. விருந்துகளில் தன் முகத்திலேயே சோளக்கள் ஊற்றிக் குடிப்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை.

தோற்றவனை மலைக்குப் பலி கொடுக்கும் சடங்குச் சண்டை நெருங்கியபோது கோயில் மேஸ்திரி சூளைக்கு வந்தான்.

"உன் தம்பி அச்சுல ஒரு குடம் போடு. காதுல தோடு வேண்டாம். கழுத்துல கயிறு வை."

சொஃபெக் பிசைந்த மண்ணைக் கீழே வைத்தான். வெறுங்காதும் கயிறும் மலைக்குப் பலியாகிறவனுக்குத்தான் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

"சண்டையே இன்னும் நடக்கலையே சாமி?"

"யார் தோக்கணும்னு மேல முடிவாயிருச்சு. வெளிய மூச்சு விட்டே, உன் பிள்ளைங்களும் அதே கயித்துல நடக்கும்."

குடம் இல்லாமல் பலி இல்லை. முகத்தை முதலில் மலைக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. மேஸ்திரி போனதும் சொஃபெக் அச்சைக் கல்லில் போட்டு உடைத்தான். மறுநாள், கை தவறிவிட்டது என்றான்.

மேஸ்திரி சிரித்தான். "அதுக்கென்ன, மூஞ்சி உயிரோடதானே இருக்கு?"

நிங்கோலைக் கூட்டிவந்தார்கள். அவன் தோடுகளைத் தானே கழற்றிவைத்துவிட்டுப் படுத்தான்.

"என்னண்ணே, பழைய மூஞ்சி அலுத்துப்போச்சா? இந்தத் தடவ மூக்கையாவது எடுப்பா வை. என் பொண்டாட்டி சிரிக்கிறா."

"வாயை மூடுடா. மண்ணு உள்ள போயிரும்."

மேஸ்திரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஈர மண்ணை அப்பும்போது சொஃபெக்கின் கை நடுங்கக்கூட இல்லை. பாழாய்ப்போன கை! பிறகு குடத்தில் கயிறு வைக்கும்போது முடிச்சை மட்டும் இடப்பக்கம் வைத்தான். தம்பிக்கு வலப்பக்கக் கழுத்தில் ஒரு கட்டி, தொட்டாலே துடிப்பான்.

சண்டையில் முதல் அடிக்கே நிங்கோலின் தடி ஒடிந்தது. யாரோ முன்னமே அறுத்துவைத்திருந்தார்கள். அம்மணமாக, கழுத்தில் கயிற்றோடு அவனைக் கோயில் முற்றத்துக்கு இழுத்துவந்தார்கள். மேஸ்திரி குடத்தை அவன் முகத்தருகே பிடித்து ஒத்துப் பார்த்தான். வலப்பக்கம் இருந்த முடிச்சை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னான்.

"இப்போ அச்சு அசல்!"

நிங்கோல் குடத்தையே பார்த்தான். அவனும் குயவன் வீட்டில் பிறந்தவன்தானே. கூட்டத்தில் தலைகுனிந்து நின்ற சொஃபெக்கைக் கண்டுபிடித்தான்.

"காலையிலதானே தோத்தேன். குடம் காய்ஞ்சு, சுட்டு எடுக்க எத்தனை நாளாகும் அண்ணே?"