பினாங்கில் கரையிறங்கிய நாள்

போன மாதம் என் நாத்தனார் போன் செய்தாள். சென்னையிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் குடும்பத்தோடு மூன்று நாள் போகிறார்களாம். "அண்ணி, நம்ம வீட்ல கப்பல்ல போன ஒரே ஆளு நீங்கதான். எந்த ரூம் கேக்கணும், இன்னா எடுத்துக்கணும், எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க" என்றாள். நான் போனபோது எனக்குப் பத்து வயது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

எழுதினேன். ஜன்னல் இல்லாத உள்ளறைக்குக் கட்டணம் கம்மி, ஆனால் விடிந்ததே தெரியாது. கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் அறை கேள், அங்கேதான் ஆட்டம் குறைவு. எல்லாத் தாழ்வாரமும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் அறை எண்ணைப் பிள்ளைகளின் சட்டைப் பையில் எழுதி வை. வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள், ஆனால் அது அடித்துப்போட்டாற்போலத் தூங்க வைக்கும், வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். கரையில் இறங்கினால் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே திரும்பிவிடு. அறைக்கதவின் அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதே.

அனுப்பிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த என் மூன்று வயது மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. காலையிலிருந்து அது நான்காவது முறை.

நாங்கள் கப்பலில் போனதற்குக் காரணம் தோல். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அப்பா பினிஷிங் மாஸ்டர். பதனிட்ட தோலுக்குக் கடைசியாக நிறமும் பளபளப்பும் ஏற்றும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. அவர்களுக்குச் சாயம் விற்ற கம்பெனி, அதிகம் வாங்கிய தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களைக் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து கப்பலிலும் ஏற்றியது. முதலாளிக்கு நேரமில்லை. தனக்கு வந்த இடங்களை அப்பாவுக்கும், அங்கேயே ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கும் கொடுத்துவிட்டார். மாமா என்றால் அப்பாவின் தங்கை கணவர்.

அத்தைக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. பாஸ்போர்ட் வாங்கி, விசாவுக்குக் கொடுத்த பிறகு நாள் தள்ளிப்போயிற்று. "ஏழு வருஷம் சும்மா இருந்துட்டு, டிக்கெட் போட்ட மாசமா பாத்து வர்றியே, உங்கப்பா மாதிரி ஊர் சுத்தியா நீ?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பாள். நாலாம் மாதம்தானே, பயணம் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டிய அன்று காலை, ஓட்டல் குளியலறையில் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று தண்ணீரை நிறுத்தினாள். தம்பிக்கு ஐந்து வயது. அவன் காதுக்குப் பின்னால் ஒரு நீர்க்கொப்புளம் இருந்தது. முதுகில் இரண்டு. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்திருக்குங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அதை நோய் என்று சொல்லும் வழக்கமில்லை. வந்திருப்பது அம்மன். அவளாக வருவாள், வேப்பிலையும் இளநீரும் ஏற்றுக்கொண்டு அவளாகவே இறங்குவாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் முன்பே வந்து போயிருந்தாள்.

அப்பா பாதி பொத்தான் போட்ட சட்டையோடு நின்றார். கம்பெனிப் பேருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அந்த ஊரில் எங்களுக்கு யாரையும் தெரியாது. திரும்பும் டிக்கெட்டும் கூட்டத்தோடு சேர்ந்தது.

"தெரிஞ்சா கப்பல்ல ஏத்த மாட்டான்" என்றாள் அம்மா.

"தெரிஞ்சாத்தானே?"

"உங்க தங்கச்சி கூட வர்றாளே. அவளுக்கு அம்மா வந்ததே இல்ல. வயித்துப் புள்ளக்காரி வேற."

"அவ ரூம் வேற, நம்ம ரூம் வேற. மூணு நாளு இவன வெளிய விடாத. அவகிட்ட சொன்னா பயந்து சாவா, அப்புறம் பஸ்ஸு பூரா தெரிஞ்சிடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் வாயத் தெறக்காத. அத்த நம்ம ரூமுக்கு வரக்கூடாது. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். சொன்னதைச் செய்யும் பிள்ளை என்று எனக்கு வீட்டில் நல்ல பெயர்.

துறைமுகத்தில் ஆளுக்கொரு உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். ரசாயன டிரம்களில் இருக்கும் ஆங்கிலத்தை அப்பா எப்படியோ படித்துவிடுவார். படிவம் என்றால் அது என் வேலை. நான்தான் இங்கிலீஷ் மீடியம். ரேஷன் அட்டை விண்ணப்பம் முதல் பாஸ்போர்ட் வரை எங்கள் வீட்டில் பெரிய எழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புவது நான். தம்பியின் படிவத்தில் காய்ச்சல் உண்டா, உடம்பில் தடிப்போ கொப்புளமோ உண்டா, தொற்றுநோய் ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டிருந்தது. அம்மாவைப் பார்த்தேன்.

"நோவு கீதான்னுதானே கேக்கறான்? இது நோவா? அப்படி எழுதினா அம்மாவுக்குக் கோவம் வரும்" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள், அல்லது அந்தக் காலையில் அப்படி நம்ப வேண்டியிருந்தது. எது என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் 'இல்லை' கட்டத்தில் குறியிட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டார். முழுக்கைச் சட்டையும் பவுடர் பூசிய கழுத்துமாகத் தம்பி, காய்ச்சல் மாத்திரையின் தயவில் குளிர்ந்து நின்றான். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துவிட்டு, என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் அறையில் ஜன்னல் இல்லை. சுவரோடு மடிந்து இறங்கும் படுக்கைகள் நான்கு. அப்பா உள்ளே வந்ததும் நாற்காலியின் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தி, மோந்து பார்த்து, "ரெக்சினு. இவ்ளோ பெரிய கப்பல்ல ஒரு சதுர அடி தோல் இல்ல" என்றார். அதுதான் அந்த அறையில் நாங்கள் சிரித்த ஒரே நேரம். அன்று மாலையே அத்தை வந்து கதவைத் தட்டினாள். அம்மா திறக்காமலேயே, தலை சுற்றுகிறது, காலையில் பார்க்கலாம் என்றாள். "இன்னா அண்ணி, கப்பலேறி வந்தும் கதவ சாத்திக்கினு கீறீங்க. நானென்ன கடன் கேக்கவா வந்தேன்?" என்று சிரித்துவிட்டு அத்தை போய்விட்டாள்.

இரவெல்லாம் அம்மா தம்பியைச் சொறியவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடையிடையே அவளுக்கு வாந்தி. விடிந்ததும் கப்பல் பினாங்கில் நின்றது. அம்மா ஒன்றுக்கு இரண்டாக வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். அப்பா போகாவிட்டால் கம்பெனி மேனேஜர் ஏன் என்று கேட்பார். "நீ தம்பிகூட இரு. அம்மா எழுந்தா தண்ணி குடு. அத்த வந்தா கதவத் தெறக்காத" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போகக் கிளம்பினார்.

அன்றைய நிகழ்ச்சிநிரல் தாளில் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டத்தின் படம் இருந்தது. வகுப்பில் எல்லோரிடமும் அதைப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். தம்பி முனகினான். அம்மாவை அசைத்துப் பார்த்தேன், அவள் எழவில்லை. கொஞ்ச நேரம் அந்த விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அறைக்கதவின் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தின் கோடியில் அத்தை வந்துகொண்டிருந்தாள். புதுச் சேலை. மாமாவை முன்னால் அனுப்பிவிட்டு, மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பியிருந்தாள். தோளில் பேருந்து எண் போட்ட வட்டமான ஸ்டிக்கர்.

"அம்மாவுக்கு முடியல அத்த. தம்பி அழுவுறான்" என்றேன்.

"நீ ஏன் கண்ணு மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு கீற? உன்ன இருக்கச் சொல்லிட்டாங்களா?"

நான் அந்த ஸ்டிக்கரையே பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். தோளிலிருந்த ஸ்டிக்கரை உரித்து என் கவுனில் ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள். "நீ போ. சின்னப் புள்ள நீ பாக்காம யாரு பாக்கறது. எனக்கும் வெயில் ஒத்துக்காது. நான் அவன்கிட்ட இருக்கேன்" என்றாள். நான் அட்டையை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஓடினேன்.

பேருந்தில் அப்பா, "நீ எப்படி வந்த?" என்றார். அம்மா எழுந்துவிட்டாள், போகச் சொன்னாள் என்றேன். மாமாவிடம், அத்தைக்கு அசதியாக இருக்கிறதாம், படுத்துக்கொள்கிறாளாம் என்றேன். இரண்டு பேரும் நம்பினார்கள். தோட்டத்தில் பட்டாம்பூச்சி ஒன்று என் கைமேல் உட்கார்ந்தது. பின் சீட்டில் வந்த வாணியம்பாடி பாய் ஒருவர், "பாத்தியா, உன்ன பூவுன்னு நெனச்சிடுச்சு. எங்க தோல் மண்டிப்பக்கம் வந்தா ஈதாம்மா உக்காரும்" என்று கேலி செய்தார். அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். அப்பா மேனேஜரோடு பேசிக்கொண்டு நிற்க, அவரிடமிருந்த அட்டையை வாங்கிக்கொண்டு நான் முன்னால் அறைக்கு வந்தேன். அத்தை கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். சட்டை கழற்றிய தம்பி அவள் மடியில் தூங்கினான். மார்பு, வயிறு எல்லாம் கொப்புளம். அவள் ஈரத்துணியால் அவனுக்கு ஒற்றிக்கொண்டிருந்தாள். எதிரே அம்மா அதே நிலையில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அத்தை ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்தாள். தம்பியைத் தலையணையில் கிடத்தினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், இன்னொரு முறை கழுவினாள், வெளியே போனாள்.

கதவுச் சத்தத்தில் அம்மா விழித்தாள். முதுகைத்தான் பார்த்திருப்பாள். "அய்யோ, அவள யாரு உள்ள விட்டது?" என்றாள். அவங்களே வந்தாங்க என்று சொன்னேன்.

ஊர் திரும்பிப் பதினைந்து நாள் கழித்து அத்தைக்கு அம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். மருந்து கொடுக்கக்கூடாது என்று ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இருமல் வந்து, மூச்சு வாங்கி, உதடு நீலமான பிறகு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அத்தை பிழைத்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை. அதன் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவே இல்லை. அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். என் மகள் வயிற்றில் இருந்தபோது, இரண்டாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்த அன்று, சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும், கர்ப்பத்தில் வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து என்று அவர் சாதாரணமாக விளக்கினார். நான் வெளியே வந்து, மருந்து வாங்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். போன மாதம் நாத்தனாருக்கு எழுதிய குறிப்பில் கடைசியாக ஒன்றைச் சேர்த்து, அழித்து, மறுபடி சேர்த்தேன்: குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் படிவத்தில் உள்ளபடி எழுதிவிடு, பயணம் போனால் போகட்டும். சரி அண்ணி என்று பதில் வந்தது.

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாணங்களில் அம்மா வந்தால் அவள் எழுந்து போய்விடுவாள். அப்பாவோடு பேசுவாள், தம்பிக்குத் தீபாவளிக்குத் துணி அனுப்புவாள். அம்மாவோடு மட்டும் இல்லை. "மறைச்சது தப்புதான், கால்ல வேணா விழறேன். ஆனா அவளேதானே உள்ள வந்தா? நான் கூப்டேனா?" என்று அம்மா இன்றும் என்னிடம் கேட்கிறாள். என் மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். நான் பதில் சொல்வதில்லை. சொன்னால் யாருக்கு நல்லது என்று யோசிக்கிறேன். சொல்லாததற்கு அது ஒரு சாக்குதானோ என்றும் யோசிக்கிறேன்.

ஏனென்றால் அந்த வேலூர் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். அம்மாவுக்கு வார்டுக்குள் வரத் துணிவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, சாத்துக்குடிப் பையைக் கொடுத்து என்னை உள்ளே அனுப்பினாள். அத்தையின் முகம் முழுக்கக் கருத்த பொருக்கு. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள், பழக்கத்தில் வைத்ததுபோல. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குரல் எழும்பவில்லை.

"அன்னைக்கு கப்பல்ல என்கிட்ட நீயா வந்தியா கண்ணு? உங்கம்மா அனுப்பிச்சாளா?"

எனக்குப் பயமாக இருந்தது. இருக்கச் சொன்ன இடத்தில் இருக்காமல் பட்டாம்பூச்சி பார்க்கப் போனது இப்போது வெளியே வந்துவிடும், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள்.

"அம்மாதான் உங்கள கூட்டியாரச் சொன்னாங்க" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி, போ" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்து, பையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன்.

பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து நின்றாள். "இன்னா சொன்னா? எம்மேல கோவமா கீறாளா?"

"இல்லம்மா. ஒண்ணும் திட்டல" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள். பல நாளைக்குப் பிறகு அவள் மூச்சு சீராக வந்தது. பேருந்து நிலையம் வரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்குமே நல்லபடியாகப் பதில் சொல்லிவிட்டதாக எண்ணிக்கொண்டு, நான் அவள் பக்கத்தில் துள்ளித் துள்ளி நடந்தேன்.