மாமாவின் பம்ப் கன்

மாமா மகளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். அவள் அப்பாவிடம் துப்பாக்கி இருந்ததுதான் காரணம். என் அம்மாவின் தம்பியான அவர் ஜாசின் பட்டணத்தில் ஒரு நகைக்கடையில் ஜாகா வேலை, அதாவது காவலாளி வேலை பார்த்தார். நீலச் சட்டை, தொப்பி, தோளில் பம்ப் கன். என் அப்பாவிடம் இருந்ததோ செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கத்தி. அதைப் பள்ளியில் சொல்லிப் பெருமையடிக்க முடியுமா? வகுப்பில் அவளுடைய அழிப்பான் காணாமல் போனால், "எங்கப்பாகிட்ட சொல்லவா?" என்பாள். அடுத்த நிமிடமே அது அவள் மேசைக்கு வந்துவிடும். என்னுடையது போனால் போனதுதான்.

எனக்கு எட்டு வயது. தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தக் கடைக்கே அப்பாவும் நானும் எனக்குத் தோடு வாங்கப் போனோம். செலண்டார் தோட்டத்தில் குலை வெட்டிய அப்பா, வீட்டுக்குப் போகாமல் வேலை உடுப்போடு நேராகப் பள்ளிக்கு வந்து என்னைக் கூட்டிப் போனார். "வாங்க மச்சான்" என்று மாமா கதவைத் திறந்துவிட்டார். மாமா மகளிடம் எந்தத் தோட்டைக் காட்டினால் அவள் முகம் வாடும் என்று நான் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்டார்.

"என்னா நாத்தம்லா இது? தோட்டத்து ஆளுங்கள வெளிய நிக்கச் சொல்லுங்க!"

யாரைச் சொல்கிறார் என்று திரும்பினேன். அந்த ஆளின் நெஞ்சுக்கு நேரே மாமாவின் துப்பாக்கி இருந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மாமா உடனே துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

மாமாவுக்கு வேலை போக வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் என்று அந்த ஆள் குதித்தார். கேமராவோ அன்றைக்குப் பார்த்துக் கெட்டுக் கிடந்தது. விற்பனைப் பெண்கள் எதையும் பார்க்கவில்லை என்று சாதித்தார்கள். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்த முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"சின்னப் புள்ள பொய் சொல்லாது. நீ சொல்லும்மா, மாமா துப்பாக்கிய நீட்டுனாரா?"

ஏன் நீட்டினார் என்று மாமா கடைசிவரை சொல்லவில்லை. அப்பா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா என்னைப் பார்த்தார். என் கண்ணுக்குள் மாமா மகள்தான் நின்றாள்.

"ஆமா, நீட்டுனாரு. நெஞ்சுக்கு நேரா."

நான் சொன்னது பொய்யில்லை. ஆளைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டுகிறவருக்கு வேலை போக வேண்டியதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்று நான் வாயைத் திறந்தது நியாயத்துக்காக இல்லை. மாமா தொப்பியையும் துப்பாக்கியையும் மேசைமேல் வைத்தபோது என் வயிறு குளிர்ந்தது. இனிமேல் அவள் அப்பாவும் வெறும் அப்பாதான்.

 தோடு வாங்காமல் திரும்புகிறோம் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகக் குளியலறைக்குப் போனார். குளித்துவிட்டு வந்தவர், கையை முகர்ந்து பார்த்தார். சோப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனார்.

நாளைக்குப் பள்ளியில் இதை யாரிடம் முதலில் சொல்வது என்ற யோசனையில் இருந்த எனக்கு, ஒரே சாயங்காலத்தில் அப்பா ஏன் இரண்டு தடவை குளித்தார் என்று அப்போது விளங்கவில்லை.