அத்தான் வைத்த டைமிங்

பார்ப்பதற்கு விளையாட்டுத் துப்பாக்கி போலிருக்கும் அத்தானின் டைமிங் லைட். அதிலிருந்து மூன்று வயர்கள் தொங்கும். இரண்டைப் பேட்டரியில் கவ்வவிட்டு, மூன்றாவதை முதல் பிளக்கின் வயரில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு விசையை அழுத்த வேண்டும். பிளக் பொறி விடும்போதெல்லாம் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். அந்த வெளிச்சத்தில், வெறி பிடித்ததுபோல் சுற்றும் கிராங்க் புல்லி அசையாமல் நிற்பதாகத் தெரியும். புல்லியின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு உண்டு. அது இன்ஜின் மேலுள்ள அளவுக்கோட்டுக்கு நேரே நின்றால் டைமிங், அதாவது பொறி விடும் நேரம், சரி. தள்ளி நின்றால், பிளக்குகளுக்குக் கரன்ட்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் துளித் துளியாகத் திருப்பி நேருக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றுகிற சாமான் எப்படி நிற்கும் என்று அத்தானைப் பலமுறை கேட்டு, அவர் விளக்கி, எனக்கு மண்டையில் ஏறியதே இல்லை. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். தி.நகரில் பாத்திரக்கடை, அபிராமபுரத்தில் வீடு. கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார் ஒன்றை வைத்திருந்தார். அதன் பானெட்டுக்குள் மெக்கானிக் எவனையும் கைவைக்க விடமாட்டார். இத்தனை பிடிவாதத்துக்கும் காரணம் இருந்தது. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டே, வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று தெருவில் போகிறவர்களிடம் கேட்டவர். தனக்கும் அது வந்துவிடும் என்று அத்தானுக்குப் பயம். "டைமிங் வைக்கத் தெரியாமப் போற அன்னைக்குச் சாவியைக் கொடுத்திருவேன் மாப்ள" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

சில வருடங்களுக்கு முன், ஆயுத பூஜை முடிந்த கையோடு அவர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தேய்ந்துபோன பாயின்ட்டை மாற்றி டைமிங் வைத்தார். நான் காருக்குள் உட்கார்ந்து அவர் சொன்னபடி ஆக்சிலேட்டரை மிதித்தேன். லைட்டில் எல்லாம் நேருக்கு நேர் நின்றது என்றார். ஆனால் மேம்பாலம் ஏறும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்குவதுபோல் இன்ஜின் அடித்தது. திரும்பி வந்து மறுபடி வைத்தார். மறுபடியும் அதே சத்தம். வயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், ஒன்றும் எடுபடவில்லை. வாரக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் அக்காவுக்குக் கேட்காமல் மெல்ல, "மாப்ள, நான் சமீபத்துல கேட்டதையே திரும்பக் கேக்கேனா? மறைக்காமச் சொல்லு" என்றார். இல்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்கமாட்டாமல் பழந்துணியை எடுத்துப் புல்லியைத் துடைத்தேன். அத்தான் நம்பிக்கொண்டிருந்த வெள்ளை அடையாளம் துணியோடு வந்துவிட்டது. காய்ந்த சந்தனம். ஓரத்தில் குங்குமம்கூட ஒட்டியிருந்தது. பூஜையன்று பானெட்டைத் திறந்து பேட்டரி, ரேடியேட்டர், கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். புல்லிக்கும் ஒன்று விழுந்திருக்கிறது. உண்மையான வெட்டு ஒரு விரல் தள்ளி, கிரீஸ் அப்பி மறைந்து கிடந்தது. எப்போதோ தான் தடவிய வெள்ளைப் பெயின்ட் என்று நினைத்து, அத்தான் சந்தனப் பொட்டுக்கு டைமிங் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். விஷயம் புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வெட்டைச் சுரண்டி, சரியாக வைத்தோம். மேம்பாலத்தில் கார் வெண்ணெயாக ஏறியது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கிண்டல் செய்தார். "நெத்தியில வைன்னா தொப்புள்ல வச்சிருக்கியே."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்க வச்சேன்? நீங்கதான குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொண்ணுக்கா வச்சீங்க. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்."

அத்தான் முகம் செத்துவிட்டது. என்னைப் பார்த்தார். பூஜையன்று நான் என் கடையில் இருந்தேன். எனக்கு என்ன தெரியும்? அவர் அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, நான்தான் வச்சிருப்பேன்" என்றார். அந்த மாதமே காரை விற்றுவிட்டார்.

அதற்குப் பிறகு குடும்பமே அவரை உற்று உற்றுப் பார்த்தது. மாத்திரை போட்டாரா, சில்லறையைச் சரியாக வாங்கினாரா என்று நானும் வேவு பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போன ஆயுத பூஜைக்கு நான் போனபோது, அக்கா கீழே பக்கத்து வீட்டுக்காரரின் காருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து முடித்துவிட்டு, "பானெட்டைத் திறடா, அத்தான் சாவியை எங்க வச்சாருன்னு தெரியல" என்றாள். காரை விற்று வருடக்கணக்காகிறது என்று சொல்லாமல், அவளை மேலே கூட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் சாயங்காலம் மூவரும் ஆட்டோவில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். அக்கா நாலடி தள்ளி சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்போ அன்னைக்கு அந்தப் பொட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"யார் வச்சா என்ன மாப்ள. அந்தப் பயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவளுக்கு எதுக்கு?"

மறதி அக்காவுக்குத்தான் என்று அவருக்கு அன்றைக்கே தெரியுமா, பிறகு தெரிந்ததா, காரை எதற்காகத்தான் விற்றார்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கேட்பதற்குள் அக்கா சுண்டலோடு வந்துவிட்டாள்.

"நேரமாச்சு, கிளம்புவோம். காரை எங்க விட்டீங்க?"

அத்தான் சட்டைப் பையையும் பேன்ட் பையையும் தடவிப் பார்த்தார். "எங்க விட்டேன்னே மறந்து போச்சு, பாரேன். எனக்கு இப்பல்லாம் எதுவுமே நினைவுல நிக்க மாட்டேங்குது. வா, ஆட்டோவுல போயிருவோம்."

"அதான் உங்கள நம்பி எங்கயும் வரக்கூடாதுங்கறது" என்று சொல்லிவிட்டு, அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.