பதுளையில் பூத்த கப்பாரிஸ்

பதுளை பசார் வீதியில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த காமிலுக்கு ரஹ்மத்தும்மா வாழ்க்கைப்பட்டபோது, மாப்பிள்ளைக்குச் செடிகள்மேல் இப்படியொரு பித்து உண்டென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. வெல்லவாயாப் பக்கமிருந்து லொறியில் வரும் வேர்க்கட்டுகளை மற்ற வியாபாரிகள் நிறுத்து வாங்கி மூலையில் போட்டுவிடுவார்கள். காமில் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கொடியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உள்ளே சோறு ஆறிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் இல்லாத வீட்டில் பேச்செல்லாம் இலையும் முள்ளும்தான்.

"நானும் ஒரு வேராப் பொறந்திருந்தா நல்லா இருந்திரிக்கும்" என்பாள் அவள். காமில் சிரித்துவிட்டு மறுபடியும் முள்ளைத் தடவுவார்.

ஆதொண்டை என்ற ஒரே பெயரில் தமக்கு இரண்டு செடிகள் வருவதை அவர் ஒருமுறை கண்டுபிடித்தார். அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்த செல்வநாயகி டீச்சரிடம் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரி, பெண்கள் பாடசாலையொன்றில் தாவரவியல் படிப்பித்தாள். பூவோடு கொண்டுவரச் சொன்னாள். லொறிக்காரர் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த கிளைகளைக் கடை மேசையில் வைத்து, சவர அலகால் ஒரு பூவை நெடுக்காக அறுத்துக் காட்டினாள்.

"நாலு இதழ். நடுவில மீசை மாதிரி நீட்டு நீட்டா மகரந்தத் தாள்கள். அதுக்கும் மேல, தனிக் காம்பொண்டின்ர நுனியில சூலகம். காய்க்கேக்க காய் அந்தக் காம்பிலயே தொங்கும். இப்படி இருந்தா கப்பாரிஸ் எண்ட சாதி. உங்கட ரெண்டு செடியும் அந்தச் சாதிதான் முதலாளி. ஆனா இனம் வேற. ஆதொண்டைக்குப் பெரிய பூ, வெள்ளையாப் பூத்துப் பிறகு சிவக்கும். மற்றதுக்குக் குட்டிப் பூ, குடைக்கம்பி மாதிரி ஒரே இடத்தில இருந்து விரியும்."

"அப்ப சொந்தக்காரங்க."

"ஓம், ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு வையுங்கோ. இந்தச் சாதிக்கு மழை பெரிசா வேண்டாம். அரபு நாட்டுப் பாறை வெடிப்புக்குள்ளயும் முளைக்குதாம். நான் படத்திலதான் பாத்தனான்."

அந்தக் கடைசி வார்த்தை காமிலுக்குள் இறங்கிவிட்டது. 1953இல் தம்பி றஹீமையும் கூட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, பதுளை ஸ்டேசனில் வழியனுப்ப வந்தவர்களிடமெல்லாம் அந்தச் செடியைப் பற்றியே சொன்னார். ரஹ்மத்தும்மாவுக்குத் தாங்கவில்லை.

"அல்லாஹ்ட வீட்டப் பாக்கப் போறீங்களா, முள்ளுச் செடியப் பாக்கப் போறீங்களா?"

ரயில் ஊதியது. அவர் என்னவோ பதில் சொன்னார். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

ஹஜ்ஜின்போது மக்காவுக்கு வெளியே அறபா மைதானத்தில் வெயில் தாங்காமல் காமில் மயங்கி விழுந்தார், எழும்பவில்லை. அங்கேயே அடக்கினார்கள். றஹீம் தனியாகக் கப்பலேறித் திரும்பினான். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் ரஹ்மத்தும்மா இருந்ததால் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினான்.

"மதினி, ஜித்தாவில இருந்து மக்கா போற வழியில பஸ் நிண்டிச்சி. கல்லுக்குள்ள ஒரு செடி. காமில் நானா ஓடிப் போய் ரெண்டு காயும் ஒரு கிளையும் ஒடிச்சாரு. மக்காட ஹரம் எல்லைக்குள்ள போனா செடி ஒடிக்க ஏலா, இப்பவே எடுத்துக்கிறேன்டு சொன்னாரு. டீச்சர்ட்ட காட்டி, இது நம்மட ஆதொண்டைக்குச் சொந்தமான்டு கேக்கோணும்னாரு."

திரைக்கு அடியால் ஒரு கைக்குட்டை முடிச்சு உள்ளே வந்தது.

டீச்சர் பெண்பிள்ளை என்பதால் அவளுக்குத் திரை இல்லை. பாயில் அமர்ந்து முடிச்சை அவிழ்த்தாள். தடித்த வட்ட இலைகள், அடியில் இரண்டு வளைந்த முள், நீண்ட காம்பில் வெடித்துக் காய்ந்த காய். காயின் காம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சொந்தம்தான். கப்பாரிஸ் சாதி. எந்த இனம் எண்டு பூவைப் பாக்காமல் சொல்லேலாது."

காய்க்குள் விதைகள் இருந்தன. இத்தா முடிந்ததும் ரஹ்மத்தும்மா அவற்றை மண்ணெண்ணெய்த் தகரங்களில் மணலும் ஓட்டுத்துண்டும் நிரப்பி ஊன்றினாள். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரேயொரு முளை வந்தது. பதுளைக் குளிருக்கு அது செத்துவிடும் என்றாள் டீச்சர். கடையை ஒட்டி மொஹிதீனின் பேக்கரி இருந்தது. ரொட்டி சுடும் போறணைக்குப் பின்பக்கச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். தகரத்தை அங்கே வைத்தாள். மழை இருட்டினால் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள். கடையை நடத்தியது றஹீம். அவள் நடத்தியது அந்தச் செடியை. முன்பு காமிலைக் கோபித்த வாயால் இப்போது அவளே வாடிக்கைக்காரிகளிடம் முள்ளின் வளைவைக் காட்டினாள். சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

1957இன் நடுவில் ஒரு மொட்டு கட்டியது. ஒன்றுதான். டீச்சர் பள்ளி விட்டதும் நேரே வந்து பார்த்துப் போவாள். ஒருநாள் மாலை மொட்டு அவிழ்ந்தது. நாலு வெள்ளை இதழ்கள், ஊதா மீசைகள், அவற்றுக்கு மேலே பச்சைச் சூலகம். டீச்சர் கைப்பையிலிருந்து சவர அலகை எடுத்தாள்.

"விடிய வாடிப்போகும். இப்பவே அறுத்துப் பாத்தால்தான் இனத்தைப் பிடிக்கலாம்."

ரஹ்மத்தும்மா தகரத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"வெட்டாதீங்க டீச்சர்."

"உங்கட அவர் கேட்ட கேள்வியெல்லோ..."

"அவரு தொட்ட செடிட புள்ள இது. எனக்கு வேற புள்ள இல்ல. வெட்டாதீங்க. அடுத்த பூவ எடுத்துக்கோங்க."

டீச்சர் அலகைத் தாளில் சுற்றி உள்ளே வைத்தாள். இருட்டும்வரை இரண்டு பெண்களும் பூவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அது கசங்கித் தொங்கியது. காய் பிடிக்கவில்லை.

அந்த டிசம்பரில் மழை விடாமல் கொட்டியது. பாதைகள் மண்சரிந்து மூடின. மாவும் விறகும் வராமல் பேக்கரி நின்றது. போறணைச் சுவர் குளிர்ந்துபோனது. ரஹ்மத்தும்மா அடுப்படியில் தகரத்தை வைத்துக் காவலிருந்தாள். இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. தண்டைத் தொட்டபோது அது கையோடு வந்தது. வேர் அழுகியிருந்தது.

"நான் ஏன் டீச்சர் தடுத்தேன்? அவருக்குத் தெரிஞ்சிக்க அவ்வளவு ஆச இருந்திச்சே" என்று அவள் அழுதாள்.

"அவர் கேட்டது சொந்தமோ எண்டுதான். அதுக்கு நான் அண்டைக்கே பதில் சொல்லிப்போட்டன். இனத்தைக் கேட்டது நான்."

அடுத்த வருடம் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்துக்குப் பிறகு செல்வநாயகி யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வாங்கிப் போனாள். இருவரும் பிறகு சந்திக்கவில்லை.

1961இல் வெல்லவாயாவில் உறவுக் கல்யாணமொன்றுக்கு ரஹ்மத்தும்மா போயிருந்தாள். காய்ந்த வேலியோரம் முழுக்க ஆதொண்டை பூத்துக் கிடந்தது. புதுப்பூக்கள் வெள்ளையாக, நேற்றையவை சிவப்பாக. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். முள்ளில் சேலை சிக்கியதையும் பாராமல் ஒரு பூவைப் பறித்து, நகத்தால் நெடுக்காகப் பிளந்தாள். உள்ளே சின்னச் சின்னப் பச்சை மணிகள் ஒட்டியிருந்தன. டீச்சர் இதில் எதைப் பார்த்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டியில் இருந்தவர்கள் கூப்பிடும்வரை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.